சொல்லும் வேளையும் அளவும் உங்களுடையவை: குழந்தைப் பருவத் துன்புறுத்தலிலிருந்து மீள்தல்

மனநலப் பிரிவுக்கு வருவோரில் மிகச் சிலரே, "சிறு வயதில் எனக்கு இப்படியொரு கொடுமை நேர்ந்தது" என்று சொல்லிக்கொண்டு வருகிறார்கள். பெரும்பாலோர் தூக்கமின்மை என்றோ ஓயாத தலைவலி என்றோ படபடப்பு என்றோதான் வருகிறார்கள். அடிவயிற்று வலிக்காக ஸ்கேன், எண்டோஸ்கோபி அனைத்தும் எடுத்து, "ஒன்றுமில்லை" என்ற முடிவுடன் அனுப்பிவைக்கப்பட்டவர்கள் சிலர். குடிப்பழக்கத்துக்காக மனைவி அழைத்து வந்தவர்கள் சிலர். மகளுக்கு எட்டு வயது நிறைந்த நாளிலிருந்து காரணம் விளங்காத நடுக்கத்துக்கு ஆளான தாய்மார் சிலர். இரண்டாம் முறையோ ஐந்தாம் முறையோ வந்து, பேசி முடித்து, எழுந்து கதவருகே சென்ற பிறகு, திரும்பி நின்று ஒரே ஒரு வாக்கியம் சொல்வார்கள். இருபது, முப்பது ஆண்டுகளாக அவர்களுக்குள் அடைபட்டுக் கிடந்த வாக்கியம் அது.

அந்த வாக்கியத்தைச் சொன்னவர்களுக்காகவும், இன்னும் சொல்லாதவர்களுக்காகவும், அதைக் கேட்கும் நிலைக்கு ஆளாகும் குடும்பத்தாருக்காகவும் இக்கட்டுரை எழுதப்படுகிறது. இதில் வரும் எடுத்துக்காட்டுகள் பலருடைய அனுபவங்களின் பொதுச் சாயலில் அமைந்தவை. தனியொருவரைக் குறிப்பன அல்ல. படிக்கும்போது மனம் கலங்கினால் இதழை மூடி வைத்துவிட்டு, விருப்பமுள்ள வேறொரு நாளில் தொடரலாம்.

நீங்கள் மட்டும் அல்லர்

இந்திய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2007-இல் வெளியாயின. ஏதேனும் ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாக 53 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட குழந்தைகள் கூறியிருந்தனர். அவர்களுள் சிறுவர்களின் எண்ணிக்கை சிறுமியரைவிடச் சற்றே அதிகம். துன்புறுத்தியவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் குழந்தைக்கு அறிமுகமானவர்கள் அல்லது குழந்தையின் நம்பிக்கைக்குரிய நிலையில் இருந்தவர்கள். பெரும்பாலான குழந்தைகள் இதை எவரிடமும் சொல்லவில்லை.

இந்தக் கடைசிச் செய்தியே மருத்துவருக்கு மிக முக்கியமானது. துன்புறுத்தலின் காயம் ஒன்று. அதைத் தனியே சுமந்த ஆண்டுகளின் காயம் மற்றொன்று. ஆண்களிடம் இந்த இரண்டாவது காயம் பெரும்பாலும் இன்னும் ஆழமாக இருப்பதைக் காண்கிறோம். "ஆம்பளைப் பிள்ளைக்கு என்ன ஆகிவிடப் போகிறது?" என்ற ஒரு கேள்வியே அவர்களது வாயை அடைத்துவிடுகிறது.

பாலியல் துன்புறுத்தல் மட்டுமே காயமாகும் என்பதில்லை. கண்டிப்பு என்ற பெயரில் நடந்த கொடிய அடி, ஓயாத இழிசொல், பட்டினி போடுதல், அறையில் பூட்டி வைத்தல், குடித்துவிட்டு வரும் தந்தையின் காலடி ஓசைக்கு ஒவ்வோர் இரவும் அஞ்சி நடுங்கியது ஆகியவையும் அதே வகைத் தடங்களை விட்டுச் செல்பவையே. அமெரிக்காவில் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் அண்டா முதலியோர் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் நடத்திய ஆய்வு 1998-இல் வெளிவந்தது. குழந்தைப் பருவத்தில் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகைத் துன்பங்களுக்கு ஆளானோரிடம் மதுவுக்கு அடிமையாதல், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி போன்றவற்றின் அபாயம், அத்துன்பங்கள் எதுவும் அறியாதவர்களைக் காட்டிலும் 4 முதல் 12 மடங்கு அதிகம் என அது காட்டியது. இதைப் படித்து அஞ்ச வேண்டாம். அபாயம் என்பது விதி ஆகாது. புகைப்பவர் எல்லாருக்கும் புற்றுநோய் வருவதில்லை. அதுபோலவே, இத்துன்பத்தைக் கடந்தவர்களுள் மிகப் பலர் நல்ல வாழ்வு வாழ்கிறார்கள். அவர்களில் பலருக்கு மருத்துவ உதவியே தேவைப்படுவதில்லை. தேவைப்படுபவர்களுக்குப் பயனுள்ள சிகிச்சைகள் இன்று உள்ளன.

"ஏன் கத்தவில்லை? ஏன் ஓடவில்லை?"

இக்கேள்வியைப் பிறர் கேட்பதைவிடப் பாதிக்கப்பட்டவரே தம்மைப் பார்த்து அதிகமாகக் கேட்டுக்கொள்கிறார். இதற்கு உடலியல் தரும் விடை தெளிவானது. பேராபத்து நேரும்போது மூளையில் அமிக்டலா என்னும் பகுதி எச்சரிக்கை மணியை அடிக்கிறது. உடல் எதிர்க்கலாம், ஓடலாம்; இரண்டுக்கும் வழியில்லாதபோது உறைந்துபோகும். கை கால் அசையாது, குரல் எழாது. ஒரு பெரியவரின் பிடியில் இருக்கும் ஏழு வயதுக் குழந்தைக்கு வேறு வழி ஏது? உறைந்துபோனது சம்மதம் ஆகாது, கோழைத்தனமும் ஆகாது. உயிரைக் காக்க உடல் தானாகவே செய்த செயல் அது.

தொடுகைக்கு உடல் எதிர்வினை காட்டியதை எண்ணிக் குற்ற உணர்வில் வாடுவோரும் உண்டு. அதுவும் நரம்புகளின் தன்னியக்கச் செயலே. விருப்பத்தின் அடையாளம் அன்று. இனிப்பும் பரிசும் வாங்கிக்கொண்டதை எண்ணி வெட்கப்படுவோரும் உண்டு. குழந்தையின் நம்பிக்கையைப் பெறுவதற்காகத் துன்புறுத்துவோர் திட்டமிட்டுக் கையாளும் வழி அது. அதற்கும் குழந்தை பொறுப்பாகாது.

அந்த எச்சரிக்கை மணி மீண்டும் மீண்டும் அடிக்க நேர்ந்த குழந்தைக்கு, வளர்ந்த பிறகும் அது எளிதில் அடங்குவதில்லை. ஒரு குறிப்பிட்ட தலைமுடி எண்ணெயின் மணம், பின்னாலிருந்து விழும் ஒரு கை, தாழ்ப்பாள் போடும் ஓசை ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று போதும். பழைய நிகழ்வு இப்போது நடப்பதைப் போலவே உடல் பதறும். நெஞ்சு படபடக்கும், சிலருக்கு உடலை விட்டே விலகிப்போனது போலத் தோன்றும். இது பைத்தியம் அன்று. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு என 1980 முதல் அமெரிக்க மனநல மருத்துவ வகைப்பாட்டில் இடம்பெற்றுள்ள நிலை இது. நீண்ட காலம் தொடர்ந்த துன்பத்துக்குப் பின் தன்னைப் பற்றிய தாழ்வெண்ணமும், உணர்ச்சிகளை ஆள முடியாமையும், உறவுகளில் நம்பிக்கையின்மையும் சேர்ந்து வருவதை உலகச் சுகாதார நிறுவனத்தின் பதினோராம் நோய் வகைப்பாடு தனியொரு கோளாறாகவே ஏற்றுக்கொண்டுள்ளது.

சிகிச்சை என்பது கதையைக் கேட்டு வாங்குவது அன்று

மனநல மருத்துவரிடம் போனால் எல்லாவற்றையும் முதல் நாளே சொல்லியாக வேண்டும் என்ற அச்சம் பலரைத் தடுக்கிறது. அப்படி எந்த விதியும் இல்லை. "சிறு வயதில் மோசமானது ஒன்று நடந்தது, அதைப் பற்றி இப்போது பேச விருப்பமில்லை" என்று கூறினாலே சிகிச்சையைத் தொடங்கப் போதுமானது.

இதற்கு ஓர் ஆழ்ந்த காரணம் உண்டு. துன்புறுத்தல் குழந்தையிடமிருந்து பறித்துக்கொண்டவற்றுள் முதன்மையானது, "வேண்டும்", "வேண்டாம்" என்று சொல்லும் உரிமை. எங்கே உட்காருவது, யார் தொடலாம், எப்போது நிறுத்துவது என்ற எதுவும் அக்குழந்தையின் கையில் இருந்ததில்லை. ஆகவே சிகிச்சையும் அவரைக் கேளாமல் அவரிடமிருந்து எதையேனும் பிடுங்குமானால், அது பழைய காயத்தையே மீண்டும் கீறுவதாகும். நல்ல சிகிச்சை ஒவ்வொரு படியிலும் அந்த உரிமையைச் சிறிது சிறிதாகத் திருப்பித் தருகிறது.

ஜூடித் ஹெர்மன் என்னும் அமெரிக்க மனநல மருத்துவர் 1992-இல் வகுத்துக் காட்டிய மூன்று கட்டங்கள் இன்றும் பெரிதும் பின்பற்றப்படுகின்றன.

முதற்கட்டம் பாதுகாப்பு. துன்புறுத்தியவருடன் ஒரே வீட்டில் இருக்க நேர்கிறதா, தூக்கம் எப்படி, மது எவ்வளவு, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் உண்டா என்பவற்றுக்கே முதலிடம். பழைய நினைவு பொங்கி எழும்போது நிகழ்காலத்துக்குத் திரும்பி வரும் பயிற்சியும் இக்கட்டத்தில் கற்பிக்கப்படும். பாதங்களைத் தரையில் அழுத்தி ஊன்றுங்கள். கண்ணில் படும் ஐந்து பொருள்களை வாய்விட்டுச் சொல்லுங்கள். முகத்தைக் குளிர்ந்த நீரில் கழுவுங்கள். மூச்சை உள்ளிழுப்பதைவிட மெதுவாக வெளியே விடுங்கள். இன்றைய தேதியையும் உங்கள் வயதையும் உங்களுக்கே சொல்லிக்கொள்ளுங்கள். "எனக்கு இப்போது 34 வயது, இது என் வீடு, கதவைத் திறந்து நான் வெளியே போகலாம்" என்ற மூன்று சொற்றொடர்கள் உடலுக்குப் பெரிய செய்தி.

இரண்டாம் கட்டம் நினைவுகூர்தலும் துக்கமும். முதற்கட்டம் உறுதிப்பட்ட பிறகே, அவரவர் விரும்பும் அளவில், இது தொடங்குகிறது. அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிதல்சார் நடத்தைச் சிகிச்சை, கண்ணசைவின் துணையுடன் நினைவுகளைச் செரிக்கச் செய்யும் இ.எம்.டி.ஆர். என்னும் முறை ஆகிய இரண்டையும் உலகச் சுகாதார நிறுவனம் 2013-இல் பரிந்துரைத்தது. சிலருக்கு வாரம் ஒருமுறையாகப் பன்னிரண்டு முதல் பதினாறு அமர்வுகள் போதும். பல ஆண்டுகள் தொடர்ந்த துன்பத்துக்கு இன்னும் நீண்ட காலம் தேவைப்படலாம். நினைவு அழிந்துவிடாது, ஆனால் தழும்பைத் தொடுவது போல, வலியின்றித் தொடக்கூடியதாக மாறும். இழந்த குழந்தைப் பருவத்துக்காக அழுவதும் இக்கட்டத்தின் பகுதியே.

மூன்றாம் கட்டம் வாழ்வுடன் மீண்டும் இணைதல். படிப்பு, வேலை, நட்பு, இல்லறம், குழந்தை வளர்ப்பு என்று பாதியில் நின்றவற்றைத் தொடர்வது. ஒரு கட்டம் முடிந்து மறுகட்டம் என வரிசையாக நடப்பதில்லை. முன்னும் பின்னுமாகவே நகரும். துன்புறுத்தியவரின் மரணச் செய்தி, தம் குழந்தை அந்த வயதை எட்டுவது போன்ற வேளைகளில் பழைய அறிகுறிகள் திரும்பலாம். அதைத் தோல்வி என எண்ண வேண்டாம்.

மருந்துகளைப் பற்றியும் ஒரு சொல். செர்ட்ராலின் போன்ற மருந்துகள் பதற்றத்தையும் மனச்சோர்வையும் குறைத்து, சிகிச்சையில் ஈடுபடும் தெம்பைத் தருகின்றன. இவற்றுக்கு எவரும் அடிமையாவதில்லை. எனினும் மருத்துவரைக் கேளாமல் திடீரென நிறுத்தலாகாது. டயஸெபாம், அல்ப்ரஸோலம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகளைப் பற்றித்தான் எச்சரிக்கை தேவை; அவற்றைக் கடையில் தாமாக வாங்கித் தொடர்வது பழக்கமாகிவிடும். "ஹிப்னாடிசத்தின் மூலம் மறந்துபோன நினைவுகளைத் தோண்டி எடுத்துத் தருகிறேன்" என்பவர்களிடமிருந்து விலகியே இருங்கள். அவ்வாறு எழுப்பப்படும் நினைவில் எது நடந்தது, எது நடவாதது என்பதே குழம்பிப்போகும்.

மற்ற மருத்துவர்களிடம் செல்லும்போது

பல் மருத்துவரின் சாய்வு நாற்காலி, மகளிர் மருத்துவப் பரிசோதனை, எம்.ஆர்.ஐ. கூண்டு, பிரசவ அறை ஆகியவை, படுத்த நிலையில் அசையாமல் ஒருவரது கட்டுப்பாட்டில் இருக்கும்படி நம்மைக் கேட்கின்றன. அதனாலேயே பாதிக்கப்பட்டவர்கள் பலர் தேவையான பரிசோதனைகளை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையை இவ்வாறு தவிர்ப்பதன் விலை பெரிது.

செவிலியரிடம் "இவ்வகைப் பரிசோதனை எனக்குக் கடினம்" என்று சொன்னால் போதும். காரணத்தை விளக்க வேண்டியதில்லை. பெண் மருத்துவரைக் கேட்கலாம். நம்பிக்கைக்குரிய ஒருவரை உடன் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றையும் செய்வதற்கு முன் சொல்லும்படி கேட்கலாம். கையை உயர்த்தினால் நிறுத்த வேண்டும் என்று முன்னரே பேசி வைத்துக்கொள்ளலாம். வேறொரு நாள் வருகிறேன் என்றும் சொல்லலாம். இவை சலுகைகள் அல்ல, நோயாளியின் உரிமைகள்.

குடும்பத்தாருக்கு

மனைவியோ கணவரோ மகனோ மகளோ உங்களிடம் அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டார். அடுத்த சில நிமிடங்களில் நீங்கள் சொல்வது அவரது மனத்தில் நெடுங்காலம் நிற்கும்.

"இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?", "அவரா? அப்படிப்பட்டவர் இல்லையே", "நடந்தது நடந்துவிட்டது, மறந்துவிடு", "வெளியே தெரிந்தால் மானம் போய்விடும்" ஆகிய நான்கையும் தவிர்த்துவிடுங்கள். "சொன்னதற்கு நன்றி. உன்னை நம்புகிறேன். தவறு உன்னுடையது அன்று" என்பன போதும். விவரங்களைத் துருவிக் கேட்க வேண்டாம். சினத்தில் உடனே அந்த ஆளைத் தேடிப் போகவும் வேண்டாம். நீங்கள் கொதிப்பதைக் கண்டால் அவர் தம் துயரை விட்டுவிட்டு உங்களை அமைதிப்படுத்தத் தொடங்குவார். அடுத்து என்ன செய்யலாம் என்பதை அவரிடமே கேளுங்கள். அவரைக் கேளாமல் பிற உறவினரிடம் சொல்லாதீர்கள்.

நம் குடும்பங்களில் இதன் உண்மையான சோதனை திருமண மண்டபங்களில்தான் நேர்கிறது. துன்புறுத்தியவர் தாய்மாமனாகவோ பெரியப்பாவாகவோ மேடையில் நிற்பார். "காலில் விழுந்து ஆசி வாங்கு" என்று நான்கு பேர் சொல்வார்கள். வெளியே தெரியாமல் ஒருவர் அங்கே சுக்குநூறாக உடைந்துபோவார். அந்த நிகழ்ச்சிக்குப் போகாதிருக்கவும், போனாலும் அவர் அருகில் செல்லாதிருக்கவும், இடையில் எழுந்து வரவும் அவருக்கு உரிமை உண்டு. "அவளுக்கு உடம்பு சரியில்லை, நாங்கள் கிளம்புகிறோம்" என்று கணவர் எழுந்து நிற்பதே மாதக்கணக்கான ஆலோசனைக்கு இணையான மருந்தாகலாம்.

இல்லறத்தில் நெருக்கம் சில வேளைகளில் கடினமாகலாம். அதை வெறுப்பு என்று கணவரோ மனைவியோ எடுத்துக்கொள்ள வேண்டாம். கேட்டுத் தொடுவது, "வேண்டாம்" என்றால் முகம் சுளிக்காமல் விலகுவது ஆகிய இரண்டும் தொடர்ந்து நடக்கும் வீட்டில் உடல் மெல்ல மெல்லப் பாதுகாப்பைக் கற்றுக்கொள்ளும். இவற்றைச் சுமக்கும் துணைவருக்கும் சோர்வு உண்டு. அவரும் ஆலோசனை பெறலாம்.

மன்னிக்க வேண்டுமா? புகார் செய்ய வேண்டுமா?

மன்னித்தால்தான் மனம் ஆறும் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. மருத்துவ நோக்கில் மன்னிப்பு குணமடைவதற்கான நிபந்தனை அன்று. மன்னித்து நிம்மதி கண்டவர்கள் உண்டு. மன்னிக்காமலேயே முழு வாழ்வு வாழ்பவர்களும் உண்டு. வற்புறுத்திப் பெற்ற மன்னிப்பு, பறிக்கப்பட்ட மற்றுமொரு உரிமை.

பல ஆண்டுகளுக்கு முன் நடந்ததற்குப் புகார் அளிப்பது குறித்து, அவசரமின்றி, சட்டம் அறிந்தவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களும் குழந்தைகளும் வருமான வரம்பின்றி இலவச உதவி பெறலாம். ஒன்றை மட்டும் எண்ணிப் பாருங்கள்: அந்த நபரின் அருகில் இன்று வேறு குழந்தைகள் இருக்கிறார்களா? இருந்தால் அதை உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்தச் சுமையை நீங்கள் தனியே தாங்க வேண்டியதில்லை.

இப்போது ஒரு குழந்தை சொன்னால்

பதினெட்டு வயது நிறையாதவர் என்றால் நிலைமை வேறு. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் சிறுவர், சிறுமியர் இருபாலரையும் காக்கிறது. அச்சட்டத்தின்படி, குற்றம் நடந்ததை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். மருத்துவருக்கும் விலக்கில்லை. ஆகவே "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று குழந்தைக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். காக்க இயலாத வாக்கு அது. "உன்னைப் பாதுகாக்கக் கூடியவர்களிடம் மட்டும் சொல்வோம், என்ன செய்தாலும் உன்னிடம் முதலில் சொல்லுவேன்" என்று கூறுங்கள். சட்டம் கட்டாயப்படுத்தும் இடத்திலும், யார் உடன் இருக்க வேண்டும், எந்த அறையில் பேசலாம் என்பன போன்ற சிறு தெரிவுகளைக் குழந்தையின் கையில் விட்டுவைக்க முடியும்.

குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ பதிவு செய்ய வேண்டும்; பதிவு செய்யும் காவலர் சீருடையில் இருத்தல் கூடாது. ஊடகங்கள் குழந்தையின் அடையாளத்தை வெளியிடலாகாது. நிகழ்வு அண்மையில் நடந்திருந்தால் குளிப்பாட்டாமல், உடைகளைத் துவைக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். முதல் தகவல் அறிக்கை இல்லாமலேயே அவசரச் சிகிச்சை இலவசமாக அளிக்கப்பட வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும் என்பதால் காலம் முக்கியம். நடந்ததை உறவினர் ஒவ்வொருவரும் குழந்தையிடம் திரும்பத் திரும்பக் கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உதவி கிடைக்கும் இடங்கள்

குழந்தைகளுக்கான உதவி எண்: 1098
டெலி மானஸ் மனநல உதவி எண்: 14416 (இலவசம், 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம்)
பெண்களுக்கான உதவி எண்: 181
இலவச சட்ட உதவி: 15100
உயிருக்கு ஆபத்தான அவசர நிலையில்: 112 அல்லது 108

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் இவற்றுள் ஒன்றை உடனே அழையுங்கள். அல்லது எந்த மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கும் எந்நேரமும் செல்லுங்கள். வயது வந்தோரின் மனநலச் சிகிச்சை விவரங்களை இரகசியமாகக் காக்க 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மருத்துவரைக் கட்டுப்படுத்துகிறது. உயிருக்கோ பிறருக்கோ ஆபத்து போன்ற குறிப்பிட்ட சில சூழல்களே இதற்கு விதிவிலக்கு. அவை எவை என்பதை முதல் சந்திப்பிலேயே மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஐம்பது, அறுபது வயதில் முதன்முறையாகப் பேசத் தொடங்கி, அதன் பிறகு நிம்மதியாக உறங்கியவர்களைக் கண்டிருக்கிறோம். காலம் கடந்துவிட்டது என்று எண்ணித் தயங்க வேண்டாம். புறநோயாளர் சீட்டு எழுதும் இடத்தில் "மனநலப் பிரிவு" என்று மட்டும் சொன்னால் போதும். காரணம் கேட்டால் "தூக்கமில்லை" என்று சொல்லுங்கள். மற்றதை உள்ளே வந்து, விரும்பும் நாளில், விரும்பும் அளவுக்குச் சொல்லலாம்.